மாமாவின் வண்டி உயர்ந்த கதை

அத்தை வீட்டை விட்டுப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, வேலைக்குப் போனாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. சக்கரம் வைத்த பெட்டியை நான் இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவளுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்தது, அதனால் மெதுவாகத்தான் போனோம். பேருந்து நிறுத்தத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பெரிய சாலையில் ஜீப்புகள் வரிசையாக வந்தன. நல்ல வெயிலில் எல்லா விளக்கையும் எரியவிட்டு, கொடி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு, ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் போல வந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மாமாவின் வண்டி. மாமா என்றால் அத்தையின் கணவர். முப்பத்தைந்து அங்குல டயர்களுக்கு மேலே, பரணில் ஏறி உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காதது போலப் போனார் என்று எழுத முடிந்தால் அவருக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். நிஜமாகவே பார்க்கவில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்தவருக்குச் சாலை ஓரத்தில் நிற்கிற மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

வண்டிகள் கிளப்பிய புழுதியை முந்தானையால் விசிறிவிட்டு அத்தை சொன்னாள்: “தலைகூட வாராமப் போறார் பாரு.”

அந்த வண்டியை வாங்கியதே அத்தையை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான்.

மாமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைவீதியில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஆள் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கிற அகலத்தில் ஒரு கடை. அதற்குள் அவர்தான் ராஜா. ஒரு சட்டத்தை வாடிக்கையாளரின் மூக்கில் வைத்து, எடுத்து, வளைத்து, மறுபடி வைத்து, இரண்டு கருமணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சின்ன அளவுகோலால் அளப்பார். “அரை மில்லிமீட்டர் தப்பினா சாயங்காலத்துக்குள்ள மண்டை பொளந்துரும்” என்று எல்லோரிடமும் சொல்வார். அவர் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டு யாருக்கும் தலைவலி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. கடைக்கு வெளியே வந்துவிட்டால் அந்த அளவுகோல் எங்கே போகும் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

அத்தை நகரத்துப் பெரிய மருத்துவமனையில் செவிலியர். பல வருடம் வார்டில் வேலை பார்த்தவள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளுக்கு மேலே போய் உட்கார்ந்து, அவளுக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மலை மேல் இருக்கும் சின்ன சுகாதார நிலையத்துக்குப் பொறுப்புச் செவிலியர் வேண்டும் என்று கேட்டபோது, யாரும் போக விரும்பாத இடம் என்பதால், அத்தையின் பெயர் வந்தது. முதல் மூன்று மாதம் சோதனை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், சனிக்கிழமை மதியம் இறங்கலாம். சரியாக நடந்தால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி வார்டு, ஓய்வு பெறும்வரை.

“ஒரு தடவையாவது சாவி என் கையில இருக்கணும்” என்று அத்தை என்னிடம் சொன்னாள். மருந்து அலமாரிச் சாவியைச் சொன்னாள். அது எத்தனை பெரிய விஷயம் என்று, பிறர் இடுப்பில் தொங்குகிற சாவியைப் பல வருடம் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

சிக்கல் பாதையில் இருந்தது. பேருந்து அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கல்லும் பள்ளமுமாக ஒரு மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. விடிகாலையில் ஒரு காய்கறி வேன் ஏறும், ஆனால் நகரத்திலிருந்து முதல் பேருந்து வந்து சேர்வதற்குள் அது போய்விடும். ஆகவே திங்கட்கிழமை ஏற்றிவிட, சனிக்கிழமை இறக்கி வர, சொந்த வண்டி வேண்டும். மாமா நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னார், “நான் இருக்கேன்ல.”

அத்தையின் சேமிப்பும் மாமாவின் ஆசையும் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வந்தது. நல்ல வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். இருபத்தொன்பது அங்குல டயர். முன்னால் வைத்திருந்தவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

வண்டி வந்த அடுத்த வாரமே மாமாவை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. ஜீப் வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காட்டோரம் போய்ச் சேற்றில் வண்டியைப் புதைத்து, பிறகு கயிறு கட்டி இழுத்து, அதைப் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். வாரம் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். தலைவர் மரச்சாமான் கடைக்காரர். அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். ராணுவத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, அவர் போடுகிற பச்சைக் கால்சட்டை மட்டும்.

இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை டயர்தான் முடிவு செய்யும். யாருடைய டயர் பெரிதோ அவர் முன்னால். அடுத்த பெரிது அடுத்து. ஓட்டத் தெரிகிறதா, வழி தெரிகிறதா என்பதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கடைசியில் வருபவர் எல்லோருடைய புழுதியையும் தின்ன வேண்டும். எல்லோருடைய சாப்பாட்டுப் பெட்டிகளையும் அவர் வண்டியில்தான் ஏற்றுவார்கள். கிளம்பும்போது குப்பையைப் பொறுக்க வேண்டியதும் அவர்தான். அவருக்குப் பெயர் ‘வால்’. இருபத்தொன்பது அங்குல மாமா போன முதல் நாளே வால் ஆனார். “வால் வந்தாச்சா?” “வாலு, தண்ணி எடு.” ஐம்பது வயது தாண்டியவரை, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருப்பவரை, பல் முளைத்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் மாதிரி கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் முகம் சுருங்கும்.

நான் அப்போதுதான் சில வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். போன இடங்களில் ஒன்று, கல்லும் மணலும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு நிலம். அங்கே நில அளவை முகாம் ஒன்றில் ஒரு பருவம் வண்டி ஓட்டினேன். அந்த விஷயம் தெரிந்ததால் மாமா என்னிடம் வந்தார்.

“ஏம்மா ஊர்சுத்தி, அங்கெல்லாம் வண்டியை எவ்வளவு தூக்கியிருப்பாங்க?”

“ரெண்டு அங்குலம் மாமா. சில வண்டியில அதுவும் இல்ல.”

“பாலைவனத்துல ரெண்டு அங்குலமா?” என்று, நான் அங்கே போனதாகப் பொய் சொல்லுகிறேனோ என்ற சந்தேகத்தோடு பார்த்தார்.

உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். வண்டியை உயர்த்துவது என்றால் நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போட்டு வண்டியின் உடம்பைச் சக்கரத்திலிருந்து மேலே தள்ளி நிறுத்துவது. அப்படிச் செய்தால் பெரிய டயர் உள்ளே உரசாமல் திரும்ப இடம் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற அச்சு அதே இடத்தில்தான் இருக்கும். கல்லில் இடிப்பது பெரும்பாலும் அந்த அச்சின் நடுவில் இருக்கிற உருண்டைதான். அதை மேலே தூக்குவது டயர் மட்டும், அதுவும் கூட்டிய அளவில் பாதி. ஆகவே முதலில் பாதைக்கு எந்த டயர் போதும் என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த டயர் உரசாமல் இருக்க எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் தூக்க வேண்டும். அந்த மலைப் பாதைக்கு முப்பத்தொரு அங்குல டயரும் இரண்டு அங்குல உயர்வும் தாராளம்.

“முப்பத்தொண்ணு போட்டா நான் வரிசையில எங்க வருவேன்?” என்று கேட்டார்.

அவர் கேள்வி அதுதான். நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

“அத்தை எங்க உக்காருவாங்கன்னு கேளுங்க மாமா. அவங்க கால் எவ்வளவு உயரம் ஏறும்னு பாத்தீங்களா?”

அத்தையைக் கூப்பிட்டு வாசல் படியில் ஏறிக் காட்டச் சொன்னேன். ஒரு படி ஏறினாள். இரண்டு படியை ஒன்றாகத் தாண்டச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாதியில் காலை இறக்கினாள். கணக்கு எளிது. முப்பத்தொன்றும் இரண்டும் என்றால் இருக்கை மூன்று அங்குலம் உயரும், ஒரு மிதிபலகை வைத்தால் ஏறிவிடுவாள். மாமா மனதில் வைத்திருந்த முப்பத்தைந்தும் ஆறும் என்றால் ஒன்பது அங்குலம் உயரும். ஏற ஏணி வேண்டும்.

“ஒன்பதா? ஆறுதானே தூக்கறோம்?”

“டயர் தூக்கறது மூணு. அதை யார் கணக்குல எழுதறது?”

“ஒரு மூணு அங்குலத்துக்கு இவ்வளவு பேச்சா” என்றார், அரை மில்லிமீட்டருக்கு ஊரையே பயமுறுத்துகிற மனிதர்.

இருந்தாலும் அன்று கொஞ்சம் தடுமாறினார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கேப்டனிடம் இரண்டு அங்குலப் பேச்சை எடுத்திருக்கிறார். கேப்டன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம்: “ரெண்டு அங்குலம் தூக்கினா அதுக்குப் பேர் லிஃப்ட் இல்லப்பா. வண்டி கொட்டாவி விட்டிருக்குன்னு சொல்லணும்.” எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அத்தையின் முழங்கால் விலை போய்விட்டது.

பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனார். காட்டிப் பெருமைப்பட ஓர் ஆள் வேண்டுமே. பட்டறைக்காரரை எல்லோரும் தாடி என்று கூப்பிட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே பேசினார்.

“நாலா ஆறா சார்?”

“ஆறு.”

“ஆறுன்னா ஸ்பிரிங்கோட நிக்காது. பின்னாடி சக்கரத்துக்குப் போற தண்டு ரொம்பச் சாயும். அதைச் சரி பண்ணணும். ஸ்டியரிங் பக்கம் ரெண்டு கம்பி மாத்தணும். பிரேக் குழாய் நீளம் பத்தாது. இவ்வளவு பெரிய டயருக்குக் கியரும் மாத்தினாதான் இழுக்கும்.”

“இப்ப ஸ்பிரிங், ஷாக், டயர். மத்தது அப்புறம் பாத்துக்கலாம்.”

“பிரேக் குழாய் மாத்தாம வெளிய விடமாட்டேன். செத்துட்டீங்கன்னா யாரு பாக்கி குடுக்கறது. மத்தது உங்க இஷ்டம்.”

அந்த ‘உங்க இஷ்ட’த்தில் எந்தக் கவலையும் இல்லை. இன்றைக்குப் போகிற வண்டி சீக்கிரமே திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். விரும்பிக் கேட்பவரைத் தடுத்து நிறுத்த அவர் என்ன மாமாவின் மாமனாரா. டார்ச்சை அணைத்துவிட்டுத் தேநீர் சொன்னார்.

வண்டி வெளியே வந்தபோது மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். பானட் என் கழுத்துக்கு வந்தது. தெருவில் வந்து நின்றதும் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “என்ன சார், வீடு மாத்தறீங்களா? லாரி வந்திருக்கு?” என்று கேட்டார். மாமா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அத்தை வெளியே வந்து பார்த்தாள். கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். காலைத் தூக்கினாள். இறக்கினாள். உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மாமா குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இதுல ஏறி, அதுல ஏறலாம். ஒரு வாரத்துல பழகிடும்.” தான் கண்டுபிடித்த தீர்வில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

முதல் திங்கட்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அத்தை முக்காலியில் நின்று, மாமா மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ள, ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி ஏறினாள். வெள்ளைச் சீருடையில் டயர் கறை. முக்காலியையும் உள்ளே போட்டுக்கொண்டோம், அங்கே இறங்க வேண்டுமே.

நல்ல சாலையில் வேகம் கூடியதும் வண்டியின் அடியிலிருந்து நடுக்கம் ஆரம்பித்தது. சாய்ந்துபோன தண்டு சுற்றுகிற நடுக்கம். கண்ணாடி, கதவு, இருக்கை, பல் எல்லாம் ஆடின.

“என்னங்க, இது ஓடுதா, நடுங்குதா?”

“பழகிடும்.”

“எனக்கா, வண்டிக்கா?”

ஸ்டியரிங் நேராக நிற்காமல் ஒரு பக்கமாக அலைந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு கையாலும் அதோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். வேகம் காட்டும் முள்ளும் பொய் சொன்னது. பெரிய டயருக்கு அது எப்போதும் குறைத்தே காட்டும். ஆகவே அவர் நினைத்ததைவிட வேகமாகப் போனோம், அவர் நினைத்ததைவிட மெதுவாக நின்றோம்.

ஓடை வரைக்கும் வந்துவிட்டோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். மாமா தண்ணீருக்கு முன்னால் நிறுத்தி, செல்பேசியை என்னிடம் நீட்டி, “தண்ணில இறங்கறப்ப படம் எடு” என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தேன். ஓடையை அட்டகாசமாகக் கடந்தார், தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழும்பியது. அக்கரை ஏற்றத்தில் கியரை மாற்றி மிதித்தார். அந்தப் பெரிய டயர்களைத் திருப்ப இன்ஜின் முக்கியது. பிறகு அடியில் இரும்புச் சட்டி விழுந்தது போல ஒரு சத்தம். தண்டின் முனையில் இருந்த மூட்டு உடைந்து, தண்டு தொங்கிக் கல்லில் அடித்தது. வண்டி ஏற்றத்தின் பாதியில் நின்றது.

மாமா இறங்கி, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். அத்தை இறங்கவில்லை. முக்காலி என் பக்கத்தில் இருந்தது, சரிவில் அதை எங்கே வைப்பது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் காய்கறி வேன் வந்தது. அன்று அதுவும் தாமதம். பழைய, தாழ்வான, பொடி டயர் போட்ட, மூட்டையும் கூடையும் ஏற்றிய வேன். ஓட்டுநர் பாதையைப் பார்த்தார், இடது பக்கம் பெரிய கற்களின் மேலே ஒரு சக்கரத்தை ஏற்றினார், நிதானமாக எங்களைத் தாண்டி ஏற்றத்தின் மேலே போய் நிறுத்தி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“யாராவது வர்றீங்களா?”

அத்தை இருக்கையில் இருந்து என் தோளில் சரிந்து இறங்கினாள். வேன் வரை நொண்டிக்கொண்டு நடந்து, கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். ஏறுவதற்கு யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை.

“அவன் தினமும் வர்றவன்” என்றார் மாமா என்னிடம். “அவனுக்கு ரோடு பழக்கம்.”

அத்தை போய்ச் சேர்ந்தபோது எட்டு தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது. புதுப் பொறுப்பாளரைப் பார்க்க அன்றைக்கென்று மேலதிகாரி வந்து காத்திருந்தார். “மூணு மாசம் பார்க்கலாம்மா” என்று சொல்லியிருக்கிறார். “இன்னொரு திங்கட்கிழமை இப்படி ஆச்சுன்னா அடுத்த ஆளைக் கேட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க.” அத்தை தப்பாக நினைக்கவில்லை. அந்த வாரமே மனதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வேனிலும் பேருந்திலும் இறங்கி வந்தவள், துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். சுகாதார நிலையத்துக்குப் பின்னால் செவிலியர் குடியிருப்பு என்று ஒரு அறை இருக்கிறது. மேலே ஒழுகும், ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. மூன்று மாதமும் அங்கேயே தங்கிவிடப் போகிறாள்.

“எதுக்கு?” என்றார் மாமா. “தண்டு சரி பண்ணியாச்சு. தாடி கியாரண்டி குடுத்திருக்கார்.”

“அவர் எனக்குக் கியாரண்டி குடுக்கலையே.”

“அப்ப நான் எதுக்கு வண்டி வாங்கினேன்?”

அத்தை துணியை உதறிக் கொடியில் போட்டாள். “அதைத்தான் நானும் கேக்கறேன். சரி, நாளைக்கு அடிவாரம் வரைக்குமாவது கொண்டு விடுங்க. பெட்டி இருக்கு.”

மாமா நகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “நாளைக்கா? நாளைக்குத்தான் கூட்டத்துல முதல் தடவை நான் முன்னாடி போறேன். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. நீ பஸ்ல போயிடேன். போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அடிவாரம் வரை நானும் போய், ஒரு லாரிக்காரரிடம் சொல்லி அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் மாமா சேறும் சிரிப்புமாக வந்தார். அந்தச் சட்டையை அப்படியே நாற்காலியில் மாட்டினார், காலையில் கடைக்குப் போகும் வழியில் நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

“அவ போயிட்டாளா?”

“போயிட்டாங்க.”

“நாங்க போறப்ப ஸ்டாப்புலதான் நின்னிருப்பீங்க இல்ல? நான் முன்னாடி போனதைப் பாத்தாளா?”

“பாத்தாங்க.”

“என்ன சொன்னா?”

“தலை வாரலைன்னு சொன்னாங்க.”

கண்ணாடி முன்னால் போய் நின்று தலையைத் தடவிப் பார்த்தார்.

பிறகு வந்த வாரங்களில் மாமா தானே சமைத்தார், அதாவது முட்டை வேகவைத்தார். சனிக்கிழமை ஆனால் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார். வண்டியில் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து சொன்ன கதையை, அவர் சொன்ன பெருமையோடேயே எழுதுகிறேன்.

இவர் போய் நின்ற நேரத்தில் சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். வாசலில் மாமாவின் வண்டி மலை மாதிரி நிற்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததும் கும்பிட்டார்கள். இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு கதவு வரை வந்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். வலியில் சுருண்டவளை மார்பளவு உயரத்துக்கு எப்படி ஏற்றுவது. அத்தை ஒரு தடவை பார்த்தாள், “விடுங்க, இறக்குங்க” என்றாள். காலிக் கூடைகளோடு இறங்கத் தயாராக நின்ற காய்கறி வேனில் மெத்தையைப் போட்டு, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க மாமா?”

“நான் விடுவேனா. லைட் எல்லாத்தையும் போட்டுக்கிட்டுக் கூடவே வந்தேன். வழி முழுக்க ஹாரன்.”

“வேனுக்கு முன்னாடியா?”

கொஞ்சம் தயங்கினார். “பின்னாடி. முன்னாடி போனா குலுங்குமே, அவன் என் வேகத்துக்கு வர முடியாதுல்ல.”

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டபோது அத்தை அந்தப் பெண்ணின் கையை விட்டுவிட்டு, அதே வேனில் மேலே திரும்பிவிட்டாள். மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசினாளாம். “சாப்டீங்களா” என்பது ஒன்று. “ஹாரன் அடிக்காம வந்திருக்கலாம்” என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போதும் மாமாவுக்கு முகம் மலர்ச்சியாகவே இருந்தது. தன்னால் ஓர் உயிர் பிழைத்தது என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மூக்கில் கண்ணாடிச் சட்டத்தோடு அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அந்த மாதமே கூட்டத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். குளிர்சாதனப் பெட்டி வியாபாரி. முப்பத்தேழு அங்குல டயர். மாமா இரண்டாவது இடத்துக்கு வந்தார். இரண்டாவது என்றாலும் புழுதி புழுதிதான். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“முப்பத்தேழு போடணும்னா எட்டு அங்குலம் தூக்கணுமா, ஏழு போதுமா?”

“மாமா, அத்தை இன்னும் ஒரு மாசத்துல வருவாங்க. சோதனை முடிஞ்சிடும்.”

“அது தெரியும். நான் கேட்டது என்ன, நீ சொல்றது என்ன?”

நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, கடலைத் தாண்டிய ஒரு துறைமுகத்தில். மாமா என்னை ரயில் நிலையத்தில் கொண்டு விடுவதாகச் சொன்னார். ஆட்டோவில் போனேன்.

அதற்குப் பிறகு மழைக்காலம் ஒன்று போயிற்று, வெயில்காலமும் பாதி போயிற்று. நான் இரண்டு அறை மாறியிருந்தேன். கிரேன்கள் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் செய்தி வந்தது. அவள் நீளமாக எழுதுகிறவள் இல்லை.

“பொறுப்பு நிரந்தரம்னு உத்தரவு வந்துடுச்சு. சோதனையை ரெண்டு தடவை நீட்டிட்டு இப்பதான் குடுத்தாங்க. அறைக்கும் கூரை மாத்தித் தர்றாங்களாம், நான் இங்கேயே இருந்துக்கறேன். மாமாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா உடனே வண்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துடுவார்.”